வயிற்றெரிச்சல்

தமிழில் வயிற்றெரிச்சல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் மாடி கட்டும்போது நமக்கு உண்டாவது ஒன்று. உண்மையாகவே வயிறு எரிவது மற்றொன்று. மனத்தில் உள்ள குறைதான் வயிற்றில் புண்ணாகிறது என்று நம் பெரியவர்கள் எண்ணினார்கள் போலும். களமருதூரில் என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

அவர் கரும்பு விவசாயி. பத்து வருஷமாக மேல்வயிற்றில் வலி. சட்டைப் பையில் பணம் இல்லாத நாள் உண்டு. சோடா உப்புப் பொட்டலம் இல்லாத நாள் கிடையாது. "மிளகாயை விட்டேன், காப்பியை விட்டேன், வாத்தியாரே! கோபம் ஒன்றுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அதுதான் வயிற்றைத் தின்கிறது" என்பார். அவருடைய தகப்பனாரும் இதே வலியோடு வெகுகாலம் இருந்து, முடிவில் இரைப்பைப் புற்றுநோயால் காலமானவர். "அவருக்கும் கோபம் ஜாஸ்தி" என்று நண்பர் அதற்கும் காரணம் சொல்லி முடித்துவிடுவார்.

கோபத்தின் மேல் பழி போட்டவர் அவர் ஒருவர்தான் என்று எண்ணவேண்டாம். பெரிய பெரிய வைத்தியர்களும் அதையே சொல்லிவந்தார்கள். சிலர் உணவின் மேல் பழி போட்டார்கள். 1922-ம் வருஷத்தில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுவைச் சேர்ந்த டாக்டர் ஹோவர்டு ஸாமர்வெல், அதன் பிறகு நம் நாட்டைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூருக்கு வந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் அன்று திருவாங்கூரைச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டவர் சீமை வாழ்வைத் துறந்து அங்கேயே தங்கிவிட்டார். அவர் கண்ட நோயாளிகளில் வயிற்றுப் புண்காரர்கள் ஏராளம். கத்தியால் அவர்களுக்கு உதவினார். ஆனால் புண் ஏன் வருகிறது என்பது தெளிவாகவில்லை. குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய ஸர் ராபர்ட் மக்காரிஸன், திருவாங்கூர் ஏழைகளின் மரவள்ளி உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் பலவற்றுக்குப் புண் கண்டது. மரவள்ளி குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று.

உணவுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் முக்கியக் குற்றவாளி வேறு. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து வைத்தியர் ராபின் வாரன், 1979-ல் இரைப்பைத் துணுக்கு ஒன்றில் திருகு வடிவமான கிருமிகளைக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் வைத்தியர் அவரோடு சேர்ந்தார். 1982-ல் ஈஸ்டர் விடுமுறையின்போது மறந்து விட்டுப்போன தட்டில் அக்கிருமி வளர்ந்திருந்தது. உலகம் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் கிருமி வளர்த்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டன. ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்று அதற்குப் பெயர் நிலைத்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இரைப்பையின் அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும்? இது சாமர்த்தியசாலி. யூரியாவைப் பிளந்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றிலும் அமிலத்தின் உக்கிரத்தைத் தணித்துக்கொள்கிறது. சளிப் படலத்தைத் துளைத்து உட்புகுந்து, சுவரை ஒட்டிக் குடித்தனம் தொடங்குகிறது. உடம்பு அதை விரட்ட வெள்ளை அணுக்களை ஏவுகிறது. எதிரி பதுங்கிக்கொள்ள, வீச்செல்லாம் சொந்தச் சுவரின் மேலேயே விழுகிறது. இதுவே அழற்சி. இறந்த உயிரணுக்களுக்கு ஈடாகப் புதியவை பிறந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரே பாடத்தை ஆயிரம் முறை பார்த்தெழுதும் பையன் எங்கேயாவது பிழை செய்வான் அல்லவா? உயிரணுவும் அப்படியே. பிழைகள் பல்லாண்டு சேர்ந்தால் சிலருக்குப் புற்றுநோய் உண்டாகிறது.

மேலும், இக்கிருமியின் சில வகைகள் ‘காக்-ஏ’ என்னும் புரதத்தை ஊசி போட்டாற்போல் உயிரணுவுக்குள் செலுத்துகின்றன. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் மஸானோரி ஹடகேயாமாவின் குழுவினர், அப்புரதம் உயிரணுவின் வளர்ச்சிக் கட்டளைகளைக் குழப்பும் விதத்தை 2002-ல் காட்டினார்கள். அதைத் தம் உடம்பிலேயே உண்டாக்கும்படி மாற்றப்பட்ட சுண்டெலிகளில் சிலவற்றுக்குப் புற்று எழுந்ததை 2008-ல் கண்டார்கள். அதற்கு முன்பே, 1994-ல், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணங்களில் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

வாசகர்கள் பீதி அடைய வேண்டியதில்லை. நம் தேசத்தில் இக்கிருமி கோடிக்கணக்கானவர் வயிற்றில் இருக்கிறது. பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஆனால் நீங்காத வலி உள்ளவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இரைப்பைப் புற்று வந்தவர்களும் வைத்தியரைக் கேட்டுச் சோதித்துக்கொள்வது நலம். கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமில்லாத மெலிவு, விழுங்குவதில் கஷ்டம் இவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சோடா உப்பு எரிச்சலை அடக்கும், கிருமியை விரட்டாது.

இவ்வளவும் சொல்லித்தான் நண்பரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்று இல்லை, புண் இருந்தது, கிருமியும் இருந்தது. பதினான்கு நாள் மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே வலி நின்றுவிட, மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். பாதியில் விட்டால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும் என்று அவர் மனைவி, மாத்திரைகளைத் தம் வசம் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை எண்ணிக் கொடுத்தார். மருந்து முடிந்து இரண்டு மாதம் கழித்துச் செய்த சோதனையில் கிருமி இல்லை.

அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் பேசவில்லை.

"கோபம் அப்படியே இருக்கிறது, வாத்தியாரே. வலி மட்டும் போய்விட்டது" என்றார். பிறகு, "இத்தனை வருஷமாக எங்கள் அப்பாவையல்லவா குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்!" என்றார்.

மறுநாள் தம்பியையும் சோதனைக்கு அழைத்துப் போனார்.