எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு. கடைக்காரர் பேசும் மொழிதான் மாறும், மருந்துச் சீட்டு ஒன்றுதான். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா? ஃபார்மட். என்ன கோளாறு என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. பல வீடுகளில் இது நேர்த்திக்கடன் அளவுக்குப் போய்விட்டது. கோளாறு இருக்கிறதோ இல்லையோ, பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல வருடத்துக்கு ஒருமுறை விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுகிறார்கள்.

இந்தப் பழக்கம் முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95, 1998-இல் வந்த விண்டோஸ் 98 ஆகியவற்றோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு அதன் நியாயம் புரியும். பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஃபைல்கள் ஒரே அறையில் கிடந்தன. புதிதாக வரும் புரோகிராம், அங்கே இருந்ததைத் தள்ளிவிட்டுத் தன் ஃபைலை வைத்துவிடும். நேற்றுவரை ஓடிய இன்னொரு புரோகிராம் இன்று படுத்துக்கொள்ளும். இதற்கு 'டிஎல்எல் நரகம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். புரோகிராமை நீக்கினாலும் எச்சங்கள் ரெஜிஸ்ட்ரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் ஃபார்மட் செய்தால் கம்ப்யூட்டர் நிஜமாகவே பிழைத்து எழுந்தது. குறுந்தகடும் ஒரு பிற்பகலும் போதும். விவரம் தெரிந்தவர்கள் சொந்த ஃபைல்களை 'டி' டிரைவில் வைத்துவிட்டு, 'சி'யைத் தைரியமாக அழித்தார்கள்.

ஆனால் நோய் மாறிவிட்டது. 2000-த்தில் வந்த விண்டோஸ் எம்ஈ, பழைய நிலைக்குத் திரும்பும் 'சிஸ்டம் ரெஸ்டோர்' வசதியைக் கொண்டுவந்தது. 2001-இல் எக்ஸ்பி, வீட்டுக் கம்ப்யூட்டரை டாஸ் அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்து உறுதியான வேறொரு அஸ்திவாரத்தில் வைத்தது. விஸ்டாவுக்குப் பிறகு, கண்ட புரோகிராமும் சிஸ்டம் ஃபைலில் கைவைக்க முடியாதபடி காவல் போடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், தேவை குறைந்தபிறகுதான் அழிக்கும் வேலை சுலபமானது. 2012-இல் விண்டோஸ் 8, துடைத்துப் புதுப்பிக்கும் பட்டனை கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது.

அப்படியானால் ஃபார்மட் செய்தவுடன் வேகம் கூடுகிறதே? கூடத்தான் செய்யும். சுவிட்சைப் போட்டதும் கூடவே எழுந்து உட்காரும் புரோகிராம்கள் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றியதும் பழைய கதை. அவை தாமாக எழாமல் தடுக்க, டாஸ்க் மேனேஜரில் ஐந்து நிமிட வேலை. வட்டு நிரம்பி வழிவது, ராம் போதாமை, மின்விசிறியில் தூசி அடைத்துச் சூடேறுவது ஆகியவற்றுக்கும் ஃபார்மட்டுக்கும் சம்பந்தமில்லை. ஹார்டு டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தாலும் முதல் அறிகுறி மந்தம்தான். அதன்மீது முழு விண்டோஸையும் எழுதுவது, மாரடைப்பு நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வது போல. சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகம், பத்து ஃபார்மட்டிலும் கிடைக்காது.

இந்த எஸ்எஸ்டியில்தான் இன்னொரு சங்கதி இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்கில் விரைவு ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மட்டுமே. பக்கங்கள் உள்ளே இருக்கும். உடனே விழித்துக்கொண்டவர்கள் மீட்புக் கடைக்கு ஓடிக் கல்யாண போட்டோக்களைத் திரும்பப் பெற்றதுண்டு. எஸ்எஸ்டியில் அப்படியல்ல. ஃபார்மட் ஆனதும் 'ட்ரிம்' என்ற கட்டளை போகிறது. இந்த இடமெல்லாம் காலி என்று வட்டுக்குத் தெரிவிக்கிறது. வட்டு பக்கங்களையே அழிக்கத் தொடங்கிவிடுகிறது. மீட்புக் கடைக்காரர் பெரும்பாலும் கையை விரிப்பார்.

பூட்டு விவகாரமும் உண்டு. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. அதன் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். மெக்கானிக் அவசரத்துக்குத் தன் கணக்கைக் கொடுத்து வேலையை முடித்தால், வீட்டுச் சாவி அவர் பையில்!

தொலைவது எப்போதும் யாரும் நினைக்காத பொருள்தான். போட்டோக்களை எல்லோரும் ஞாபகமாக எடுத்து வைக்கிறார்கள். பிரவுசர் நினைவில் வைத்திருந்த பாஸ்வேர்டுகள், மெயில் புரோகிராமின் பழைய கடிதங்கள், கணக்கு சாஃப்ட்வேர் தன் இஷ்டத்துக்கு 'சி' டிரைவில் வைத்திருந்த ஐந்து வருட வரவு செலவு... இவற்றை யாரும் கேட்பதில்லை.

தமிழர்களுக்குத் தனியாக ஒரு நஷ்டம் உண்டு: எழுத்துரு. யுனிகோடு பரவுவதற்குமுன் தமிழ் சாஃப்ட்வேர் தயாரித்தவர்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தார்கள். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தபிறகும் பழையவை மறையவில்லை. அரசு யுனிகோடை ஏற்றது 2010-இல்தான். அந்தக் காலத்தில் தட்டெழுதிய தாத்தாவின் சுயசரிதையோ, சங்க மலருக்கான கட்டுரையோ, ஃபைலில் தமிழாக இருப்பதில்லை. வெறும் எண்களாக இருக்கும். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு. அது விண்டோஸ் குடியிருக்கும் 'சி' டிரைவில் இருக்கும். ஃபார்மட் ஆனால் அது போய்விடும். 'டி' டிரைவில் பத்திரமாக இருந்த கட்டுரையைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூளம். உள்ளே எல்லாம் இருக்கிறது, படிக்கத்தான் முடியாது. மாற்றித்தரும் சாஃப்ட்வேர்கள் உள்ளன. ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்தாக வேண்டும். வேர்டு ஃபைலாக இருந்தால் எழுத்துருவின் பெயராவது உள்ளே தங்கியிருக்கும். வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் அதுவும் இராது.

துடைக்கவே கூடாதா? துடைக்க வேண்டிய சமயங்கள் உண்டு. பாஸ்வேர்டு திருடும் வைரஸ் நுழைந்துவிட்டால், அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதைவிடத் துடைப்பதே மேல். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். விற்கும்போதும், பழையதாக வாங்கும்போதும் துடைப்பது அவசியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், 11-ஐ ஏற்க மறுக்கும் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து லினக்ஸ் போடுவதில் அர்த்தமிருக்கிறது. அதே 10-ஐ மறுபடி ஏற்றுவதில் இல்லை.

லேப்டாப்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களின் உரிமச் சாவி பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைத் திரும்ப ஏற்றினால் காசு செலவில்லை. கடையில் 'புரோ' பதிப்பின் திருட்டுப் பிரதியை அதன் தலையில் ஏற்றி, அதற்குக் கூலியும் வாங்கிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய உரிமம் அடியில் சும்மா கிடக்கிறது.

துடைத்தே தீர வேண்டும் என்றால், ஃபைல்களை வெளி வட்டில் நகலெடுத்து, 'சி' டிரைவின் எழுத்துருக்களையும் சேர்த்துக்கொண்டு, வேறொரு கம்ப்யூட்டரில் நாலைந்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும். பிறகு அந்த வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். கழற்றாமல் விட்டால், விண்டோஸ் ஏற்றும் திரையில் எந்த வட்டை அழிப்பது என்று கேட்கும்போது அதுவும் பட்டியலில் நிற்கும். அங்கே வட்டுகள் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று எண்களாகத்தான் தெரியும்.