அடையற்ற ஹாக்கியும் எல்லையோர மாணவரும்

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஆடவர் இளையோர் ஹாக்கி உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அது முடிந்த பதினாறாம் நாள், டிசம்பர் 26 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால், மினியாபொலிஸ் ஆகிய இரட்டை நகரங்களில் மற்றோர் இளையோர் உலகப் போட்டி தொடங்கியது. வட அமெரிக்கர் அதனையும் ‘ஹாக்கி’ என்றே அழைப்பர். முன்னது 21 வயதுக்கு உட்பட்டோருக்கானது. 24 அணிகள் கலந்துகொண்டது. பின்னது 20 வயதுக்கு உட்பட்டோருக்கானது. முதனிலைப் பிரிவில் 10 அணிகள் மட்டுமே ஆடுவது. முன்னது செயற்கைப் புல்தரையிலும் பின்னது பனித்தரையிலும் ஆடப்பெறுவன. பெயர் ஒன்று, விளையாட்டு இரண்டு. இந்தப் பெயர் ஒற்றுமையை வெறும் தற்செயலாகக் கருதி விட்டுவிடுவதற்கில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்து மாணவர்களின் நிலையை விளங்கிக்கொள்ள இது ஒரு நல்ல தொடக்கம்.

மொழியியலில் ‘குறியுடைமை’ என்னும் கருத்தாக்கம் உண்டு. பிராகு மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த துருபெத்ஸ்கோயும் யாகொப்சனும் வளர்த்தெடுத்தது அது. இணையான இரண்டனுள் ஒன்று அடைமொழி எதுவுமின்றி இயல்பானதாக நிற்கும். மற்றொன்று அடைமொழி பெற்றே நிற்கும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ‘ஹாக்கி’ என்றால் தரையில் ஆடுவது. பனியில் ஆடுவதற்கு ‘ஐஸ்’ என்னும் அடை வேண்டும. கனடாவில் நிலை தலைகீழ்: அங்கே ‘ஹாக்கி’ என்றால் பனியில் ஆடுவது, தரையில் ஆடுவதற்கே அடை வேண்டும். ருஷ்ய மொழியிலும் அவ்வாறே. தரை ஹாக்கி அங்கே ‘புல்மேல் ஹாக்கி’ ஆகிவிடுகிறது. எந்த விளையாட்டு அடையின்றி நிற்கிறதோ, அதற்கே அச்சமூகத்தின் பணமும் திடலும் நேரமும் முதலில் போய்ச் சேர்கின்றன. சொல்லில் காணப்படும் இந்த முன்னுரிமை சமூகத்தில் முன்னரே நிலைபெற்றுவிட்ட முன்னுரிமையின் தடமாகும்.

ஆயினும் இந்தியாவில் அடையற்று நிற்கும் ஹாக்கி உண்மையிலேயே எல்லோருக்கும் எட்டும் விளையாட்டுத்தானா? இவ்வினாவுக்கு விடை 1976இல் இருக்கிறது. அவ்வாண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதற்கு முந்தைய ஒலிம்பிக் பதக்கங்களைப் புல்தரையிலேயே பெற்றுப் பழகிய நாடுகள் தடுமாறின. இந்தியா ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அன்றுதொட்டு உலகத்தரத்தில் ஹாக்கி ஆட விரும்பும் எவரும் செயற்கைத் தரையில் பழகியாக வேண்டும் என்றாயிற்று. அத்தரையில் பந்து உருளும் விரைவு வேறு. தடுத்தாடும் முறை வேறு. உடலுக்கு வேண்டிய பயிற்சியும் வேறு. அதனை அமைப்பதும் நீர் தெளித்துப் பேணுவதும் பெருஞ்செலவு பிடிப்பவை. ஆகவே, மண்தரைப் பள்ளித் திடலில் வளைகோல் பிடித்துப் பழகும் மாணவருக்குச் செயற்கைப் புல்தரையும் ஏறத்தாழப் பனித்தரையே. இரண்டும் இயற்கையாக அவருக்கு வாய்ப்பதில்லை; இரண்டையும் யாரேனும் அமைத்துத் தர வேண்டும். அமைத்துத் தருபவர் யார், எவ்வளவு தொலைவில் அமைத்துத் தருகிறார் என்பதைப் பொறுத்தே திறமை வெளிப்படுவதும் மறைவதும் அமையும்.

இவ்விடத்தில்தான் சித்தூரும் திருப்பதியும் வருகின்றன. திருப்பதியிலிருந்து சென்னை ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவு, சித்தூரிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்வது இன்னும் எளிது. மருத்துவத்துக்கும் வணிகத்துக்கும் திருமணத்துக்கும் இவ்வட்டார மக்கள் அன்றாடம் எல்லையைக் கடக்கின்றனர். ஆனால் ஒரு மாணவி ஹாக்கி ஆடத் தொடங்கிவிட்டால் அவருடைய திசை வடகிழக்காக மாறுகிறது. மாநில அணிக்கான தேர்வு, பயிற்சி முகாம், தேசியப் போட்டிக்கான வாயில் ஆகிய யாவும் மாநில ஹாக்கி அமைப்பின் வழியே செல்கின்றன. 2023இல் மூத்தோர் மகளிர் தேசியப் போட்டி நடந்த காக்கிநாடா, திருப்பதியிலிருந்து சென்னையைப்போல் நான்கு மடங்கு தொலைவு. உலகக் கோப்பை நடந்த எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கம் மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தும், அது அம்மாணவிக்குப் பார்வையாளர் மாடமாக மட்டுமே இருக்கிறது. பயிற்சித் திடலாக இல்லை.

இவ்வட்டாரத்தில் திறமை இல்லை என்று சொல்வதற்கும் வழியில்லை. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்த ரஜனி எத்திமார்ப்பு இந்திய மகளிர் அணியின் கோல்காப்பாளராக உயர்ந்தார். 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணியிலும் 2022 காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார். 2024 சனவரியில் மஸ்கட்டில் நடந்த மகளிர் ‘ஹாக்கி ஃபைவ்ஸ்’ உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி வெள்ளி வென்றார். ஒருவர் இத்தனை தொலைவைக் கடந்து சென்றதைப் பாராட்டும் கட்டுரைகள் பல வந்துவிட்டன. கடக்க இயலாமல் இடையில் நின்றுவிட்டவர்களைப் பற்றிக் கட்டுரை எதுவும் வருவதில்லை. வரவும் இயலாது, ஏனெனில் அவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. தனிமனித வெற்றியை அமைப்பின் வெற்றியாக வாசிப்பது ஆய்வுலகம் அறிந்த பிழை. விளையாட்டு நிருவாகம் அப்பிழையை விடாமல் செய்துவருகிறது.

நிருவாகம் வரையும் ஒரு கோடு திறமையை எவ்வாறு வடிகட்டுகிறது என்பதற்குப் பனி ஹாக்கியே உலகறிந்த சான்றினைத் தந்துள்ளது. கனடாவின் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடனாய்வாளர்களும் 1985இல் இளையோர் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தனர். ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி மிகுந்திருந்தனர். இறுதி மாதங்களில் பிறந்தவர்கள் குறைந்திருந்தனர். வயதுப்பிரிவுக்கான எல்லைநாள் சனவரி 1 என்பதே காரணம். சனவரியில் பிறந்த சிறுவன், அதே பிரிவில் ஆடும் டிசம்பர்ச் சிறுவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன். உடல் வளர்ச்சியில் முந்தியவன். அவனே தேர்ந்தெடுக்கப்படுகிறான், தேர்ந்தெடுக்கப்பட்டதால் நல்ல பயிற்சி பெறுகிறான், பயிற்சி பெற்றதால் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான். நாள்காட்டியில் யாரோ வரைந்த கோடு, சில ஆண்டுகளில் இயற்கைத் திறமைபோலத் தோற்றங்கொள்கிறது. நாளெல்லை செய்யும் இவ்வேலையை நில எல்லை செய்யாது என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. நாளெல்லையையேனும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். மாநில எல்லையால் உதிர்ந்துபோகும் மாணவர்களை எண்ணிப் பார்ப்பதும் சமூக அறிவியலின் கடமையே.

இதற்கான மாற்று வழியும் பனி ஹாக்கியிடமே இருக்கிறது. கனடாவின் இளையோர் குழுமப் போட்டிகள் மாகாண எல்லையோடு நிற்பவையல்ல. நாட்டு எல்லையையே கடப்பவை. ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த சாகினா, ஃபிளின்ட் நகர அணிகளும் பென்சில்வேனியாவின் ஈரி நகர அணியும் ஆடுகின்றன. மேற்குக் கனடாவின் லீக்கில் சியாட்டில், போர்ட்லண்ட், ஸ்போக்கேன் முதலிய அமெரிக்க நகரங்கள் உண்டு. கனடிய இளையோர் ஹாக்கியின் மிக உயர்ந்த பரிசான மெமோரியல் கோப்பையை 2024இல் வென்றது சாகினா அணி. அப்போட்டி நடந்ததும் அதே அமெரிக்க நகரத்தில்தான். பருவம் முழுவதும் ஒரே அணியில் ஆடும் கனடிய இளைஞரும் அமெரிக்க இளைஞரும், டிசம்பர் இறுதியில் இளையோர் உலகப் போட்டி வந்ததும் தத்தம் நாட்டுச் சீருடையை அணிந்து எதிரெதிரே நிற்கின்றனர். பயிற்சி பொது, பிரதிநிதித்துவம் தனி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததே அந்த ஏற்பாட்டின் நுட்பம். இரு நாடுகளுக்கிடையே இது இயலுமாயின், ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே இயலாமற் போவதற்குக் காரணம் காணுதல் கடினம்.

ஒரு காரணம் உண்டு, அது வரலாறு. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆந்திர மாநிலம் அமைந்தபோது இவ்வட்டாரம் யாருக்கு என்னும் வழக்கு எழுந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் பரிந்துரையும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்ததும், திருப்பதி ஆந்திரத்தில் நிலைத்ததும் அறிந்த செய்திகள். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகக் குறிப்பதைச் சான்றுகாட்டிய அன்றைய வாதங்களின் நிழல், எல்லை கடந்த எந்த ஏற்பாட்டின் மீதும் இன்றும் படிகிறது. கூட்டு முயற்சி என்றாலே இருபுறமும் ஐயம் எழுகிறது. ஆனால் எல்லை வழக்கு நிலத்தைப் பற்றியது. பயிற்சித்திடல் பயன்பாட்டைப் பற்றியது. ஒரு மாணவர் வேலூரிலோ சென்னையிலோ பயிற்சி பெற்று ஆந்திர அணிக்கு ஆடுவதால் எந்த மாநிலத்தின் ஒரு சாண் நிலமும் இடம்பெயர்வதில்லை.

இதற்கு முன்மாதிரியும் சித்தூர் மாவட்டத்திலேயே உள்ளது. குப்பத்தில் 1997இல் ஆந்திர அரசு நிறுவிய திராவிடப் பல்கலைக்கழகம் தமிழ்நாடு, கருநாடகம், கேரளம் ஆகிய அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு உருவானது. மும்மொழியும் புழங்கும் முச்சந்தியில் ஒரு பொது நிறுவனம் அமையலாம் என்பதை மொழிப்புலம் ஏற்றுக்கொண்டு கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வழங்கும் இவ்வட்டாரப் பேச்சை ‘பிழை’ என்று சொல்லும் மொழியியலார் இன்று எவருமில்லை. அது தனக்கெனத் தனி ஒழுங்குடைய இருமொழியம் என்று விளக்குகின்றனர். பேச்சுக்கு வழங்கிய அந்த அறிந்தேற்பை ஆட்டத்துக்கும் வழங்குவதே அடுத்த படி.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, எல்லையோர மாவட்டங்களின் பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் இளையோர் ஹாக்கித் தொடர் ஒன்று. சித்தூர், திருப்பதி ஒருபுறமும் வேலூர், திருவள்ளூர், இராணிப்பேட்டை மறுபுறமும் கலந்துகொள்ளலாம். இரண்டாவது, சென்னையின் செயற்கைத் தரையில் எல்லையோர ஆந்திர மாணவர்க்கு விடுமுறைக்காலப் பயிற்சி நேரம். இதற்கான செலவை ஆந்திர அரசு ஏற்கலாம். மூன்றாவது, திருவேங்கடவன் பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், திராவிடப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் உடற்கல்வித் துறைகளும் சமூக அறிவியல் துறைகளும் இணைந்து, ஆட்டத்தை இடையில் கைவிட்ட மாணவர்களைப் பற்றிய முறையான ஆய்வு. மூன்றாவது இல்லாமல் முதலிரண்டும் நீடிக்கா.

இதற்கு எழக்கூடிய மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. விளையாட்டு இடஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதி ஆகியன மாநில வரிப்பணத்தில் நடப்பவை. ஒரு மாநிலத்தின் பணத்தில் பிற மாநில மாணவர் பயிற்சி பெறுவது முறையா என்னும் வினா நியாயமானது. தென் தமிழ்நாட்டு மாணவருக்கே திடல் போதவில்லை என்பதும் உண்மை. ஆனால் இங்கே கோருவது இடஒதுக்கீட்டில் பங்கு அன்று. திடல் வெறுமையாகக் கிடக்கும் நேரத்தில், உரிய கட்டணத்துக்கு, ஒரு பங்கு. மேலும், நல்ல எதிரணி இல்லாமல் எந்த அணியும் வளர்வதில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் வலிய எதிரணியால் தமிழ்நாட்டு மாணவருக்கு இழப்பேதுமில்லை, ஊதியமே உண்டு.

சென்னை உலகக் கோப்பையில் செருமனி தங்கமும் இசுப்பெயின் வெள்ளியும் வென்றன. இந்தியா அர்ஜென்டினாவை 4-2 என வீழ்த்தி வெண்கலம் பெற்றது. பதக்கக் கணக்கு அத்துடன் முடிந்தது. திடலின் கணக்கு முடியவில்லை. இளையோர் பிரிவின் கதவு 21 வயதில் அடைபடும். இன்று பன்னிரண்டு வயதில் சித்தூர்ப் பள்ளியொன்றின் மண்தரையில் ஆடும் மாணவிக்கு எஞ்சியிருப்பவை ஒன்பது ஆண்டுகள். இரு மாநில அரசுகளும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு அவற்றுள் எத்தனை ஆண்டுகளைச் செலவிடப்போகின்றன என்பதே இப்போதைய வினா.