கல்லுக்கு அடியில் ஒரு சாட்சி

ஆக்லாந்தின் மவுண்ட் ராஸ்கில் பகுதியில், கான்கிரீட் கால்வாய்க்குள் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த ஓடை ஒன்று உண்டு. பெயர் ஓக்லி கிரீக்; மாவோரி மொழியில் தே அவுஅவுங்கா. வாம்ஸ்லி, அண்டர்வுட் பூங்காக்களின் ஓரமாக அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, 2019 வாக்கில் ஓடையை வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். கூவத்துக்குச் சுவர் கட்டியே பழகிய நமக்கு இது விசித்திரம்தான்.

ஓடை பிழைத்ததா என்று எப்படி அறிவது? வழக்கமான முறை, பாட்டிலில் நீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை 550-ஐத் தாண்டினால் குளிக்கக் கூடாது என்கிறது நியூசிலாந்தின் 2003 வழிகாட்டி நெறி. ஆனால் பாட்டிலுக்குத் தெரிவது அன்றைய சேதி மட்டும். மழையில் சாக்கடை வழிந்து, நாலு நாளில் தெளிந்த பிறகு பிடித்தால் நீர் நல்லபிள்ளை ஆகிவிடும்.

ஓடையிலேயே மாதக்கணக்கில் குடியிருக்கும் பூச்சிகளை அப்படி ஏமாற்ற முடியாது. 1985-இல் ஜான் ஸ்டார்க் வகுத்த குறியீடு, பூச்சி இனங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. அசுத்தம் தாங்காதவைக்கு அதிகம், சேற்றுப் புழுவுக்கு 1. சராசரியை 20-ஆல் பெருக்கினால் வருவது 80-க்குக் கீழே என்றால் ஓடை மோசம். கல்லைப் புரட்டிப் பார்க்க ஆய்வகம் எதற்கு? ஆக்லாந்தின் 'வை கேர்' என்னும் நீர்க் கண்காணிப்புத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளே ஓடையைச் சோதித்தார்கள்.

ஓடை மட்டுமல்ல, ஆக்லாந்தின் எந்தக் கடற்கரையில் இன்று இறங்கலாம் என்பதையும் 2017-இல் புதுப்பிக்கப்பட்ட 'சேஃப்ஸ்விம்' இணையதளம் அன்றன்றைக்குச் சொல்லத் தொடங்கியது. மறு ஆண்டே, நீர்த்தரத்துக்கெனத் தனி வரி போடலாமா என்று மாநகராட்சி மக்களைக் கேட்டது. வரி வந்தது; பத்தாண்டில் 45.2 கோடி டாலர் திரட்டத் திட்டம். அழுக்கை அன்றாடம் கண்ணால் கண்டவர்களிடம் கேட்டதால்தான் அது எளிதாயிற்று என்பது என் கணிப்பு. மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடும் பழைய பேட்டைகளுக்காக, சென்ட்ரல் இன்டர்செப்டர் என்னும் பெருஞ்சுரங்கமும் தோண்டினார்கள்.

ஒரு திட்டம் வருமுன் மக்களைக் கேட்க நம் ஊரிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் அவகாசம். ஓர் ஓடையை 30 நாளில் யார் படித்து முடிப்பது? திட்டம் கொண்டுவரும் நிறுவனத்தின் கையில் அட்டவணை இருக்கிறது, ஊர்க்காரர் கையில் ஆதங்கம்தான் இருக்கிறது. ஊர்ப் பள்ளி இரண்டு பருவம் எண்ணி வைத்த பூச்சிக் கணக்கையும் அந்தக் கூட்டத்தில் ஆவணமாக ஏற்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். அதற்குச் செலவு ஒரு வலையும் ஒரு வெள்ளைத் தட்டும்.