தொப்பூர் கணவாய்: தவறு டிரைவரோடு முடிந்துவிடுகிறதா?

2024 ஜனவரி 24. தர்மபுரி - சேலம் தேசிய நெடுஞ்சாலை 44-ல், தொப்பூர் கணவாயின் இரட்டைப் பாலம். இறக்கத்தில் வந்த ஒரு லாரி, முன்னால் சென்ற வாகனங்கள் மீது மோதியது. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, வாகனங்கள் தீப்பிடித்தன, நான்கு பேர் உயிரிழந்தார்கள். அந்த சிசிடிவி காட்சி உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். 2020 டிசம்பரிலும் இதே கணவாயில், நெரிசலில் நின்றிருந்த கார்கள் மீது லாரி மோதி உயிர்கள் போயின.

இரண்டு முறையும் செய்திகளில் இடம்பெற்றது ஒரே வரிதான்: 'கட்டுப்பாட்டை இழந்த லாரி'. ஆனால், இறக்கத்தில் வரும் லாரி பாலத்துக்கு வந்த பிறகுதான் கட்டுப்பாட்டை இழக்கிறது என்றில்லை. பெரும்பாலும் சில கிலோமீட்டர் மேலேயே இழந்துவிடுகிறது.

நியூட்ரல் என்ற ஆபத்து

டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் நியூட்ரலில் இறங்கும் பழக்கம் பல டிரைவர்களிடம் இருக்கிறது. கியரில் இருந்தால் இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக் மீதுதான். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரிகிறது, லைனிங் பிடிப்பை இழக்கிறது. இன்ஜினையும் அணைத்துவிட்டால், ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடும்.

இதில் டீசலும் மிச்சமாவதில்லை என்பதுதான் வேதனை. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய பிஎஸ்-6 இன்ஜின்கள் டீசலைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் ஓடும் இன்ஜின்தான் டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும்.

எஃப்.சி இருந்தால் போதுமா?

லாரிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் எஃப்.சி எடுக்க வேண்டும். அது அந்த ஒருநாள் சோதனைதான். லைனிங் தேய்வதும், ஏர் லீக் ஆவதும், ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்காமல் போவதும் அதற்கு இடைப்பட்ட நாள்களில் நடப்பவை. அதிக லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, 'சீக்கிரம் போய்ச் சேர்' என்று போனில் விரட்டும் உரிமையாளர், விபத்து நடந்த இடத்தில் இருப்பதில்லை.

சாலைக்கும் பங்கு உண்டு

ஒரே இடத்தில், ஒரே மாதிரி, வெவ்வேறு டிரைவர்கள் மோதுகிறார்கள் என்றால், சாலையையும் விசாரிக்க வேண்டும்தானே? நீண்ட இறக்கம், வளைவு, அதன் முடிவில் பாலம் என்று அமைந்த இடத்தில் பிரேக் போன லாரிக்கு ஒதுங்க வழியில்லை. மலைச்சாலைகளில் இதற்காகவே ஜல்லி நிரப்பிய தப்பிக்கும் பாதைகள் அமைக்கப்படுவதுண்டு. ஆற்று மணலில் சைக்கிள் புதைவதுபோல, லாரி அதில் புதைந்து நின்றுவிடும். தொப்பூரின் இறக்கத்தைத் தணிக்க உயர்மட்டச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டதே, பிரச்னை ஸ்டீயரிங்கில் மட்டும் இல்லை என்பதற்கான ஒப்புதல்தான்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 61,038 பேர் இறந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்த சாலை நீளத்தில் இவை சுமார் 2 சதவிகிதம்தான்!

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பு அல்லது பராமரிப்புக் குறைபாட்டால் உயிரிழப்பு நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் அபராதம் விதிக்க வழி செய்கிறது. அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். விபத்து நடந்ததும் டிரைவர் மீது உடனே வழக்கு பாய்கிறது. இந்தப் பிரிவையும் அதே வேகத்தில் எடுத்தால்தான் அடுத்த விபத்தைத் தடுக்க முடியும்.

குடும்பத்தோடு காரில் செல்பவர்களுக்கு...

இறக்கத்தில் லாரிக்கு முன்னால் புகுந்து பிரேக் போடாதீர்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளாதீர்கள். பின்னால் வரும் லாரி விடாமல் ஹாரன் அடித்து லைட்டைப் போட்டுக் காட்டினால் கோபப்படாமல் வழிவிடுங்கள். அந்த டிரைவரும் உயிர் பிழைக்கத்தான் போராடிக்கொண்டிருப்பார்.