கைவேலைப் பக்கம்: காலுக்குக் கட்டளை, பெட்டிக்கு ஒலி



சென்ற பொங்கல் விழாவில் கிற்றார் வாசித்த தம்பியைப் பலரும் கவனித்திருப்பீர்கள். பல்லவிக்கு இனிமையாகத்தான் வாசித்தார். இடையிசையில் ஒலி கரகரத்து எழும்பவேண்டிய நேரத்தில் குனிந்து அம்பிளிபயரின் குமிழைத் திருகிக்கொண்டு நின்றார். அவர் நிமிர, சரணம் தொடங்கிவிட்டது. சபையில் சிலர் சிரித்தும் விட்டார்கள்.

அந்த அம்பிளிபயர் கடையில் வாங்கியதல்ல. தம்பியின் தகப்பனாரும் நாமும் வேலை முடிந்த இரவுகளில் ஒரு மாரிகாலம் முழுக்க இருந்து பூட்டியது. இரண்டு ஈசிசி83 வால்வு, இரண்டு ஈஎல்34 வால்வு, ஒரே சனல். விழா முடிந்த அடுத்த நாள் தம்பி வந்து, "மாமா, காலால மாத்திற மாதிரி ஒண்டு பூட்டித் தாங்கோ" என்றார். கேட்டதோடு நிற்கவில்லை. நாம் போகமுன்னமே பெட்டியைத் திறந்து திருப்புளியை உள்ளே விட்டிருக்கிறார். படீரென்று ஒரு பொறி. தாய் குசினியிலிருந்து ஓடிவந்தாராம். "வயர் கழட்டித்தானே இருந்தது, மாமா" என்று எம்மிடம் சொன்னார்.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம். வயரைக் கழற்றினாலும் வால்வுப் பெட்டி உடனே சாகாது. உள்ளேயுள்ள பெரிய கப்பாசிற்றர்கள் 400 வோல்ற் வரை பிடித்து வைத்திருக்கும். அது ஆளைக் கொல்லும். 10 கிலோ ஓம், 5 வாற்ஸ் றெசிஸ்ரர் ஒன்றை உறையிட்ட கிளிப் வயரில் பூட்டி, கப்பாசிற்றருக்கும் சஸிக்கும் இடையில் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மல்ரிமீற்றரால் அளந்து பார்த்துத்தான் கை வையுங்கள். ஒரு கை வேலை செய்தால் மறு கை பொக்கற்றுக்குள் இருக்கட்டும். எமது பெட்டியில் இப்போது 220 கிலோ ஓம், 2 வாற்ஸ் றெசிஸ்ரர் ஒன்றை நிரந்தரமாகவே பூட்டிவிட்டோம். நிறுத்தியதும் அது தானாக வடித்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். ஜிம் மார்ஷல் 1962 இல் லண்டனில் செய்த பெட்டிகளில் இரண்டு சனல் இருந்தது. ஆனால் மாற்றுவதென்றால் கிற்றார் வயரைக் கழற்றி மற்ற ஓட்டையில் குத்தவேண்டும். காலால் மாற்றுவது 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேசா பூகி பெட்டிகளோடுதான் பரவியது.

நாம் முதலில் செய்தது பிழை. ஒலியையே 5 மீற்றர் வயரில் கால்சுவிச்சுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தோம். உறையிட்ட வயர் மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவு கப்பாசிற்றர் மாதிரி வேலை செய்யும். கீச்சொலி எல்லாம் அதிலேயே வடிந்து, கிற்றார் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்டது. போகும் வயரும் வரும் வயரும் அருகருகே கிடந்ததால் ஊளையும் இட்டது.

சரியான வழி, பெட்டிக்குள் ஒரு றிலே வைப்பது. ஒலி பெட்டியை விட்டு வெளியே வராது. காலிலிருந்து போவது 5 வோல்ற் கட்டளை மட்டும்.

கரகரப்புக்காக இன்னொரு ஈசிசி83 பூட்டினோம். அது 6.3 வோல்ற் சுருளில் 0.3 அம்பியர் கூடுதலாகக் கேட்கும். உங்கள் ரான்ஸ்போமர் தாங்குமா என்று பாருங்கள். றிலே இரண்டு தொகுதித் தொடுப்புள்ளதாக இருக்கட்டும். ஒரு தொகுதி தெளிந்த ஒலியா, கரகரத்த ஒலியா முன்னே போவது என்று தெரிவு செய்யும். மற்றது, புது வால்வு சும்மா இருக்கும்போது அதன் உள்வாயைச் சஸியோடு சேர்த்து இரைச்சலை அடக்கும். அந்த உள்வாய்க்கு முன் 470 கிலோ ஓம் போடாவிட்டால் தெளிந்த ஒலியும் சேர்ந்து அடங்கிவிடும். மாற்றும்போது "டொக்" என்று கேட்டால், தொடுப்பின் இரு பக்கமும் சஸிக்கு 1 மெகா ஓம் போடுங்கள். றிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு 1N4007 டயோட்டைத் தலைகீழாகப் பூட்ட மறக்கவேண்டாம்.

றிலேக்கான மின்சாரத்தை வால்வைச் சூடாக்கும் அதே 6.3 வோல்ற் சுருளிலிருந்து எடுத்தோம். நாலு டயோட், 2200 மைக்ரோபரட் கப்பாசிற்றர், குறைந்த இழப்புள்ள 5 வோல்ற் றெகுலேற்றர். இங்கேதான் இரண்டாவது பிழை விட்டோம். அந்தச் சுருளின் நடு வயர் ஏற்கெனவே சஸியில் இருக்கிறது. கால்சுவிச்சின் இரும்பு ஜாக்கும் சஸியைத் தொட, இரண்டும் முட்டி டயோட் புகைந்து பியூஸ் போனது. ஒரு பிளாஸ்ரிக் ஜாக் போட்டதும் எல்லாம் சரி. றிலேயின் மின்சாரம் சஸியை எங்கேயும் தொடக்கூடாது.

கால்சுவிச், ஒருமுறை மிதித்தால் பூட்டி நின்று மறுமுறை மிதித்தால் விடும் வகை.

இந்த முறை ஈயம் பற்றவைத்தது தம்பி. ரோர்ச் பிடித்தது தகப்பனார். வடித்தாயிற்றா என்று ஒவ்வொரு தடவையும் மீற்றரைப் பார்த்துச் சொன்னது தாய். மூன்று பேரும் ஒரே மேசையில் அவ்வளவு நேரம் இருந்து கதைத்ததை நாம் முன்பு கண்டதில்லை.

போன ஞாயிறு ஒத்திகையில் தம்பி குனியவில்லை. பாடிய பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.

வீட்டில் இப்படிப் பெட்டி வைத்திருக்கும் பிள்ளைகளே, ஆசையை அடக்கவேண்டாம். ஆனால் தனியாக இருந்து திறக்கவேண்டாம். தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.