ஒழுகும் வேப்பும் ஒழுகும் மருந்துப் பம்பும்



சென்ற மாதம் செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் டிஸ்பென்சரிக்கு வந்தார். "டிரசர் ஐயா, நாக்கு சுட்டுப் போச்சு, தலையும் சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். நாக்கு நுனியில் சிறு கொப்புளம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு வேப்பை எடுத்து மேசையில் வைத்தார். வைத்த இடம் ஈரமாகிவிட்டது. சட்டைப் பை ஈரம், விரல் ஈரம், பையில் கிடந்த சில்லறைக் காசும் பிசுபிசுப்பு. "இழுத்தா குளுகுளுன்னு சத்தம் போடுது ஐயா. சூடா தண்ணி வாய்க்குள்ள தெறிக்குது. இதை எப்படிச் சரி பண்றது?"

இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நம் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். "தூக்கி எறிடான்னு சொல்றதை விட்டுட்டு ரிப்பேர் சொல்லிக் குடுக்கிறதா டிரசர் வேலை?" நியாயமான கேள்விதான். ஆனால் எறியச் சொன்னால் எறிகிறவர்கள் குறைவு, ஒளித்து வைக்கிறவர்களே அதிகம் என்பது என் அனுபவம். ஒளித்து வைக்கும் இடமோ தலையணைக்கடி, பாய்க்கடி. அங்கேதான் கைக்குழந்தை தவழ்கிறது. ஆகவே ஒழுகுவது ஏன் என்று சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

வேப்புக்குள் பெரிய அதிசயம் ஒன்றும் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோல ஒரு பஞ்சு திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பஞ்சை ஒட்டிய கம்பிச் சுருள் பேட்டரியால் சூடேறி அதை ஆவியாக்குகிறது. ஆவி குழாய் வழியே மேலே வரும்போது ஒரு பங்கு குளிர்ந்து மறுபடியும் துளியாகிவிடும், சோற்றுப் பானை மூடியில் நீர் கோத்துக்கொள்வது போல. வாய் வைக்கும் இடத்தில் லேசான ஈரம் எந்த வேப்பிலும் உண்டு, துடைத்தால் போதும்.

குளுகுளு சத்தம் வேறு விஷயம். பஞ்சு தாங்குகிற அளவுக்கு மேல் திரவம் ஏறி, சுருள் இருக்கும் அறையே நிரம்பிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் சூடேற்றினால் அது கொதித்து வாய்க்குள் தெறிக்கும். தம்பியின் நாக்கு சுட்டது இப்படித்தான். ஐஸ் தண்ணியை ஸ்ட்ராவில் இழுப்பது போலப் பலமாக இழுப்பது, டாங்கியை விளிம்பு வரை ஊற்றுவது, நடுவில் இருக்கும் காற்றுக் குழாயிலேயே ஊற்றிவிடுவது, பேட்டரி இறங்கிய பிறகும் இழுத்துக்கொண்டிருப்பது, இவையெல்லாம் காரணம். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சீட்டுப் பெட்டிக்குள் படுக்க வைத்தால் சூட்டில் திரவம் இளகி, உள்ளே உள்ள காற்றும் விரிந்து வெளியே தள்ளும். வாஷர் கிழிந்தாலும், சுருள் பழசானாலும் ஒழுகும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் அணைத்துவிடுங்கள். வாய்ப்பகுதியை டிஸ்யூவில் பொதிந்து, கீழ்நோக்கிப் பிடித்து உதறுங்கள். டாங்கியைக் கழற்றி, பேட்டரியைத் தொடும் இடம் இரண்டையும் நன்றாகத் துடையுங்கள். அடுப்பு ஓரத்திலோ வெயிலிலோ காய வைக்கவே கூடாது, உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, வெடிக்கக்கூடியது. பிறகு நிமிர்த்தியே வைக்க வேண்டும். தீர்ந்ததும் எறிகிற மூடிய வகை ஒழுகினால் அதன் கதை முடிந்தது, உடைத்துப் பார்க்க வேண்டாம்.

இத்தனையும் கையில் படாமல் செய்ய வேண்டும். தண்ணி, தண்ணி என்கிறோமே, அது தண்ணியில்லை. கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், வாசனைச் சாறு, அதோடு நிக்கோட்டின். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 1 மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிக்கோட்டின் என்று கணக்கு. ஒரு தேக்கரண்டியில் 250 மில்லிகிராம். ஒரு சிகரெட் பிடிப்பவன் உடம்பில் சேருவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். நிக்கோட்டின் தோல் வழியாகவும் இறங்கும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கும் தொழிலாளர்களுக்கு இதனாலேயே வாந்தியும் மயக்கமும் வருவது மருத்துவத்தில் தெரிந்த நோய். ஒரு காலத்தில் இதைப் பூச்சிமருந்தாகவே தெளித்தார்கள். தம்பியின் தலைச்சுற்றலுக்குப் பாதிக் காரணம் அந்த நனைந்த சட்டைப் பை என்றே நான் நினைக்கிறேன். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு நெஞ்சைக் கழுவச் சொன்னேன்.

மருந்து அடிக்கும் நம் தாய்மார்களைக் கேட்கிறேன். முதுகில் உள்ள பம்பு ஒழுகினால் என்ன செய்வீர்கள்? உடனே இறக்கி வைத்து மண்டோரிடம் சொல்வீர்கள். கையுறை வேண்டும், ஏப்ரன் வேண்டும், மருந்து ஸ்டோருக்குப் பூட்டு வேண்டும் என்று எத்தனை வருடம் குரல் கொடுத்தோம்! பாராகுவாட் மருந்துக்கே 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை வந்தது. அதே வீட்டில், பையன் சட்டைப் பையில் ஒழுகும் விஷத்துக்கு மட்டும் பூட்டும் இல்லை, கையுறையும் இல்லை.

திரவ நிக்கோட்டினை நச்சுப் பட்டியலிலிருந்து நீக்கி 2023 மார்ச் 31ஆம் தேதி அரசாங்கம் உத்தரவு போட்டது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2024 அக்டோபர் 1ஆம் தேதி. ஒன்றரை வருடம் இடைவெளி. பட்டியலில் பெயரை அடித்துவிட்டால் பாட்டிலுக்குள் இருக்கும் விஷம் போய்விடுமா? தோட்டத்துக் கடைகளில் சிறுவர்களுக்கு விற்கிறார்களா என்று நம் கிளைத் தலைவர்கள் பார்க்க வேண்டும். மருந்து ஸ்டோர் பூட்டைச் சரிபார்ப்பது போல இதுவும் சங்கத்தின் வேலைதான், டிரசர் ஒருவன் வேலை அல்ல.

விட்டுவிட விரும்பும் தம்பிகள் கூச்சப்படாமல் கிளினிக் கெசிஹாத்தானில் கேளுங்கள், நிறுத்துவதற்கு உதவி உண்டு. அதுவரை பாட்டிலும் வேப்பும் பூட்டிய பெட்டியில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

குழந்தை வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணி, புளித் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடாதீர்கள். ஈரத் துணியால் வாயைத் துடைத்து, மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எச்சில் ஒழுகுதல், முகம் வெளுத்தல், வியர்வை, வாந்தி வரலாம். அதற்குமேல் போனால் வலிப்பு, மூச்சுத் தளர்ச்சி. இதெல்லாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கிராணியின் காரோ, பக்கத்து வீட்டு வேனோ, கிடைத்ததில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள். பாட்டிலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எத்தனை சதவீதம் என்று டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பையன் திட்டு வாங்குவானே என்று அதை மறைத்துவிடாதீர்கள்.