ஆவின் பாலில் மீத்தேன் கணக்கு

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிறவர்கள் ஆவின் பால்பண்ணையைப் பார்த்திருப்பீர்கள். பசுங்குடில் வாயுவைக் குறைப்பது என்றதும் அங்குள்ள கொதிகலனும் குளிரூட்டும் எந்திரமும் பால் வண்டிகளும்தான் நினைவுக்கு வரும். அவற்றையும் சீர்செய்ய வேண்டியதுதான். ஆனால், ஒரு லிட்டர் பாலின் கணக்கில் பெரும்பங்கு உங்கள் தொழுவத்தில் இருக்கிறது.

மாட்டின் ஏப்பத்தில் வெளியேறும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மாடு 4 லிட்டர் கறந்தாலும் 8 லிட்டர் கறந்தாலும் உடம்பைக் காக்கும் தீவனச் செலவு ஏறக்குறைய ஒன்றே. வெறும் வைக்கோலை விட்டு, கம்பு நேப்பியர், வேலிமசால், தாது உப்புக் கலவை என்று மாற்றினால் பால் கூடும். லிட்டருக்கான மீத்தேன் குறையும். பெங்களூரு தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தின் 'ஹரித் தாரா' தீவனச் சேர்க்கை மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள்.

சாணத்தைக் குட்டையாகத் தேங்கவிட்டாலும் மீத்தேன்தான். நான்கைந்து மாடு இருந்தால் 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் போதும். குழாயில் கசிவு இருந்தால் பலனில்லை, பாருங்கள்.

இதற்கெல்லாம் யார் செலவழிப்பது? மேடவாக்கத்தில் மேய்ச்சல் நிலமெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டது. இங்கே மாடு வைத்திருப்பவரிடம் பசும்புல் வளர்க்கச் சொல்வதில் நியாயமில்லை. கொழுப்பையும் இதர சத்துகளையும் அளந்து விலை தரும் நிறுவனமே மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லையும் தாது உப்பையும் சங்கத்தில் கொடுத்து, பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். தீவனக் கலவைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.